மார்ச் 21: ஷார்ப்வில் முதல் விண்ட்ஹூக் வரை

ஆப்பிரிக்க வரலாற்றில் மார்ச் 21 பலமுறை தலைகாட்டுகிறது. 1975-இல் எத்தியோப்பியாவின் முடியாட்சியை இராணுவ ஆட்சியாளர்கள் ஒழித்ததும் இந்த நாளில்தான். ஆனால் நாளின் கனமெல்லாம் கண்டத்தின் தென்கோடியில் இருக்கிறது.

நிறவெறி ஆட்சியின்போது தென்னாப்பிரிக்காவில் 16 வயது நிரம்பிய கறுப்பினத்தவர் வெளியே செல்லும்போதெல்லாம் பாஸ் புத்தகம் என்ற நடமாட்ட அனுமதி ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். வேலை கொடுத்தவரின் கையொப்பமும் வரி கட்டிய விவரமும் அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கைதுதான். பான் ஆப்பிரிக்கானிஸ்ட் காங்கிரஸின் தலைவர் ராபர்ட் சொபுக்வே 1960-இல் இதற்கு எதிராக வகுத்த போராட்டம் மிக எளிமையானது: புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, கையில் ஆயுதமின்றிக் காவல் நிலையத்துக்குச் சென்று, கைது செய்யுங்கள் என்று நிற்பது. சிறைகள் நிரம்பி, ஆலைகளில் ஆளில்லாமல் போனால் சட்டம் தானாகவே செயலிழக்கும் என்பது கணக்கு. மார்ச் 21 அன்று அவரே சொவேட்டோவின் ஒர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்து சென்று கைதானார். அன்று பிற்பகல், ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கேயுள்ள ஷார்ப்வில்லில் காவல் நிலையத்தின் முன் கூடியிருந்தவர்கள்மீது போலீஸார் சுட்டதில் 69 பேர் இறந்தனர் என்கிறது அதிகாரபூர்வக் கணக்கு. பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. அதாவது, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள்.

மூன்றாண்டுத் தண்டனை முடிந்த பிறகும் சொபுக்வேயை வெளியே விட அரசுக்கு மனம் வரவில்லை. அவரை அடைத்து வைப்பதற்கென்றே ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து, 1969 வரை ராபன் தீவில் தனிமையில் வைத்திருந்தது. மண்டேலாவின் பெயர் தெரிந்த நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. இந்த நாளை மனித உரிமைகள் நாளென்று தென்னாப்பிரிக்கா இன்று விடுமுறையோடு கடைப்பிடிக்கிறது. அவருடைய கட்சியினரோ அதை ஷார்ப்வில் நாள் என்றே சொல்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1985-இல் அதே நாளில், ஊய்ட்டன்ஹாக் நகரையடுத்த லாங்காவில் இறுதிச்சடங்குக்குச் சென்றவர்கள்மீது போலீஸார் சுட்டதில் குறைந்தது 20 பேர் மாண்டனர்.

1990-இல் இதே தேதி நமீபியாவின் விடுதலை நாளானது. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய அந்த மண்ணைத் தென்னாப்பிரிக்கா, அனைத்துலக நீதிமன்றம் 1971-இல் சட்டவிரோதம் என்று சொன்ன பிறகும் விடாமல் பிடித்து வைத்திருந்தது. தலைநகர் விண்ட்ஹூக்கில் நடந்த விழாவில் நாட்டின் முதல் அதிபராகச் சாம் நுஜோமாவுக்கு ஐ.நா. பொதுச்செயலர் பதவிப் பிரமாணம் செய்துவைக்க, தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளர்க்கும் அங்கே இருந்தார். ஆனாலும் நாட்டின் ஒரே ஆழ்கடல் துறைமுகமான வால்விஸ் பே அன்று நமீபியாவின் கைக்கு வரவில்லை. அதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.