போயிங் 737 காக்பிட்: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

அதிகாலையில் வண்டி வந்து சேர்ந்தது. எங்கள் கல்லூரியில் கண்காட்சியாக வைக்கப்போகும், ஓய்வு பெற்ற போயிங் 737-200 விமானத்தின் மூக்குப் பகுதி மட்டும், விமானி உட்காரும் காக்பிட்டோடு. ராத்திரியோடு ராத்திரியாகத் தொப்பூர் கணவாயில் இறங்கி, சங்ககிரி, பவானி, பெருந்துறை என்று நல்ல சாலையிலேயே வந்துவிட்டார்கள். அவிநாசி தாண்டி எங்கள் கல்லூரிக்குத் திரும்பும் சின்ன ரோட்டில்தான் பயம். இந்த விமானத்தின் உடம்பு அகலம் 3.76 மீட்டர். இரண்டு பக்கமும் வேலியோர மரங்கள், மேலே தாழ்ந்த கரண்ட் கம்பி. டிரைவர் சங்ககிரிக்காரர். "உடுமலைக்குக் காத்தாலை ரெக்கை கொண்டுட்டுப் போறதுக்கு இது எவ்வளவோ மேலுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நிதானமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கிரேனில் இறக்கி ஷெட்டுக்குள் தள்ளியதும் உள்ளே ஏறிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற விமானத்தில் முதலில் கழற்றுவது இன்ஜின், அடுத்தது விலை போகும் கருவிகள். இதிலும் அப்படித்தான். கேப்டன் பக்கத்துப் பேனலில் நடுவில் இரண்டு பெரிய ஓட்டைகள். விமானம் சாய்கிறதா, நிமிர்ந்து போகிறதா என்று காட்டும் கருவியும், திசை காட்டும் கருவியும் இருந்த இடம். ரேடியோக்கள் இல்லை. வானிலை ரேடார் திரை இல்லை. ஆனால் நடுப்பேனலில் இரண்டு இன்ஜினுக்கும் உரிய பத்து மீட்டர்களும் அப்படியே இருக்கின்றன. தலைக்கு மேலே உள்ள பேனலும் கிட்டத்தட்ட முழுசு. எனக்கு இதுவே பெரிய சந்தோஷம்.

ஜூன் 13

சுத்தம் செய்யும் வேலை ஆரம்பம். மாணவர்களுக்கு நான் முதலில் சொன்னது: உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அலுமினியத்தின் மேல் இருக்கும் அந்த மஞ்சள் கலந்த பச்சை அடிப்பூச்சில் (பிரைமர்) குரோமேட் இருக்கிறது. துரு பிடிக்காமல் காப்பது அதுதான், மூச்சில் போனால் புற்றுநோய் வரவைப்பதும் அதுதான். முகமூடி, கையுறை, ஈரத்துணி இல்லாமல் யாருக்கும் உள்ளே இடமில்லை.

மென்மையான பிரஷ், வாளியில் லேசான சோப்புத் தண்ணீர், பஞ்சு. அவ்வளவுதான் ஆயுதம். காலியாகக் கிடந்த கருவி ஓட்டைகளில் குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. தரைத் தகட்டைத் தூக்கினால் பேனா மூடிகள், ஒரு 25 காசு, சட்டைப் பொத்தான், பாதி கரைந்த மிட்டாய்த் தாள். எல்லாவற்றையும் எடுத்த இடம் எழுதிப் பையில் போட்டாயிற்று.

ஜூன் 26

தாளாளர் வந்து பார்த்தார். அக்டோபரில் திறப்பு, அதற்குள் உள்ளும் புறமும் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஓட்டைகளில் கருவிகளின் போட்டோவைப் பிரின்ட் எடுத்து ஒட்டிவிடலாம் என்றும் சொன்னார். பணம் போடுகிறவர், பிள்ளைகள் மிரளாமல் ஆசையாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார். அதில் தப்பே இல்லை.

நான் அவரைக் கேப்டன் சீட்டில் உட்காரவைத்து மேலே பார்க்கச் சொன்னேன். லேண்டிங் லைட் சுவிட்சுகளின் நுனியில் கறுப்பு போய் வெள்ளை உலோகம் தெரிகிறது. சீட் பெல்ட் விளக்கு சுவிட்சும் அப்படியே. ஒவ்வொரு பயணத்திலும் விரல் பட்ட இடங்கள் இவை. அதே பேனலில் சிவப்பு மூடி போட்ட அவசர சுவிட்சுகளில் பெயின்ட் கொஞ்சம்கூட உரியவில்லை. இன்ஜினில் தீப்பிடித்தால் இழுக்கும் கைப்பிடிகள் மூன்றும் (இரண்டு இன்ஜினுக்கு, ஒன்று வாலில் உள்ள துணை இன்ஜினுக்கு) புதுசு போலவே இருக்கின்றன. ஜன்னல் ஓரத்தில் முழங்கை வைத்து வைத்து வழுவழுப்பான இடம் ஒன்று உண்டு. அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இந்தத் தேய்மானம்தான் இந்த விமானம் வேலை செய்ததற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி. இதன் மேல் ஒரு கோட் பெயின்ட் அடித்தால் எந்தக் கடையிலும் செய்து வாங்கக்கூடிய பொம்மை காக்பிட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வெளிப்புறத்துக்குப் புதுப் பெயின்ட், உள்ளே இருப்பது இருக்கிறபடி என்று முடிவானது. வெளிப்பூச்சு வெயிலில் செத்துப்போய்த் தொட்டால் மாவாக வருகிறது, அதை மாற்றத்தான் வேண்டும். ஓட்டைகளுக்குப் போட்டோ வேண்டாம், சாம்பல் நிறத் தகடு போட்டு இங்கே என்ன இருந்தது என்று எழுதிவிடுவோம் என்றேன். சரி என்றார்.

ஜூலை 5

இரண்டு சீட்டுக்கும் நடுவில், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பீடத்தின் இரு புறமும் பெரிய கறுப்புச் சக்கரம் ஒன்று இருக்கும். வால் பகுதியின் கிடைச்சிறகைச் சாய்த்து விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும் ட்ரிம் சக்கரம். மோட்டார் ஓடும்போது சக்கரமும் தானாகச் சுற்றும், சுற்றுவது கண்ணில் படவேண்டும் என்று வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். மோட்டார் கைவிட்டால் கையால் சுற்ற மடக்குக் கைப்பிடி. அந்தக் கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது, இடது பக்கம் இல்லை.

இருக்கிற கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கோவை ஆவாரம்பாளையத்தில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்துதரும் லேத் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் அதைக் கையில் வாங்கி, விரலால் உருட்டிப் பார்த்தார். வெர்னியர் வைத்து அளந்தார். "சாம்பிள் இருந்தாப் போதுமுங்க அம்மிணி, செஞ்சுபோடலாம்." உள்புறத்தில் '2024' என்று வெட்டித் தரும்படி கேட்டபோதுதான் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"அச்சு அசலாச் செஞ்சுட்டு ஏனுங்க புதுசுன்னு எழுதோணும்?"

முப்பது வருஷம் கழித்து இதைப் பிரித்துப் பார்க்கிறவர் எது போயிங் செய்தது, எது நாம் செய்தது என்று குழம்பக் கூடாதல்லவா என்று சொன்னேன். யோசித்தார். அப்புறம் அவரே, "அப்படீன்னா வருஷத்தோட ஊர்ப் பேரையும் போட்டறலாமுங்க" என்றார். நல்ல யோசனை. 'கோவை 2024'. யாருக்கும் வெளியே தெரியாது, கழற்றினால் தெரியும்.

ஜூலை 24

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது எல்லாம் நேராக எங்கள் ஷெட்டுக்குத்தான் வருகிறது. துடைத்த பேனலில் மத்தியானத்துக்குள் புழுதி படிகிறது. வேலை முடியும்வரை காக்பிட்டுக்குத் தார்பாய் போட்டு, கருவிகளுக்குத் தனியாகப் பிளாஸ்டிக் உறை.

தாங்குமேடை தயாராகி வந்தது. சாதாரண இரும்பு. வெல்டர் அப்படியே அலுமினியத்தோடு போல்ட் போட்டு முறுக்கப் பார்த்தார், நிறுத்தச் சொன்னேன். இரும்பும் அலுமினியமும் ஒட்டி நின்று நடுவில் ஈரம் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். மழைக்காலம் இரண்டு போதும், வெள்ளைப் பொடி உதிர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தொடு இடத்திலும் நியோப்ரீன் ரப்பர் ஷீட், போல்ட்டுக்கு நைலான் புஷ், மேலே சீலன்ட். வெல்டர் தம்பி பொறுமையாகத் திரும்பச் செய்தார்.

ஆகஸ்ட் 9

இன்று கரண்ட். விமானத்தில் இரண்டு வகை உண்டு: 28 வோல்ட் டி.சி., 115 வோல்ட் ஏ.சி. அந்த ஏ.சி. நம் வீட்டில் வருகிற 50 ஹெர்ட்ஸ் இல்லை, 400 ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மர், மோட்டார் எல்லாம் சின்னதாகவும் லேசாகவும் செய்யலாம், பறக்கிற பொருளில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. ஏ.சி. பக்கம் நாங்கள் போகவில்லை. கருவிகளுக்குள் சுழலும் பழைய கைரோ சக்கரங்களைச் சுற்றவைத்துத் தேய்ப்பதைவிடத் தூங்கவிடுவது மேல்.

டி.சி.க்குப் பட்டறையிலிருந்த 24 வோல்ட் சப்ளை. எச்சரிக்கை விளக்குகளில் இருப்பது 327 என்ற எண்ணுள்ள குட்டி பல்பு, 28 வோல்ட்டுக்கானது. 24-ல் எரித்தால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், ஆயுள் பல மடங்கு கூடும். ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துச் சோதித்து, பியூஸ் போட்டு, ஒரு பேனல் ஒரு பேனலாகக் கொடுத்தோம். சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் இரண்டு எரிந்தன. மூன்றாவதுக்குப் பல்பு மாற்றினோம், அதுவும் வந்தது. நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்புறம் ஸ்டிக் ஷேக்கர். வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போகும்போது விமானியின் கையிலுள்ள ஸ்டியரிங் தூணையே உலுக்கி எச்சரிக்கும் மோட்டார் அது. எடை ஒரு பக்கமாகத் தொங்கும் சக்கரம், அவ்வளவுதான் சூட்சுமம். கரண்ட் கொடுத்ததும் கடகடவென்று சீட், தரை எல்லாம் அதிர்ந்தது. எத்தனை சத்தத்திலும், எத்தனை களைப்பிலும் விமானியின் கவனத்துக்குத் தப்ப முடியாத எச்சரிக்கை. இதை ஒவ்வொரு பார்வையாளரும் ஒரு தடவை கையில் உணரவேண்டும்.

ஆகஸ்ட் 27

கோவை பீளமேடு விமான நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அவர் பேரன் கூட்டிவந்தான். பேரன் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவன். அய்யாவைப் பின்னால் இருக்கும் மடக்கு சீட்டில் உட்காரவைத்தோம். ஆவ்ரோ விமானம் வந்துபோன காலத்தைப் பற்றி நிறையப் பேசினார், கான்பூரில் ஹெச்.ஏ.எல். நிறுவனம் செய்த ஹெச்.எஸ். 748-ஐத்தான் எல்லாரும் ஆவ்ரோ என்பார்கள். ஜெட் இறங்குவதற்காகப் பீளமேட்டு ஓடுபாதையை நீட்டியபோது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பயணிகள் போய்வந்தது, 1987-ல் பீளமேடு திரும்பத் திறந்தது எல்லாம் அவருக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது.

கேப்டன் ஜன்னலைச் சறுக்கித் திறந்து மேலே ஒரு சின்ன மூடியைக் காட்டினார். உள்ளே கயிறு. அவசரத்தில் கதவு வழியாகப் போக முடியாவிட்டால் விமானி இந்த ஜன்னலில் ஏறிக் கயிற்றைப் பிடித்து இறங்கவேண்டும். இத்தனை வாரம் அதை நாங்கள் திறந்தே பார்க்கவில்லை. அய்யா பேசியதைப் பேரன் போனில் பதிவு செய்திருக்கிறான். கண்காட்சியில் ஒலிக்கவிடச் சம்மதமும் வாங்கிவிட்டோம்.

செப்டம்பர் 18

வெட்டிய பின்புறத்தை என்ன செய்வது என்று பேச்சு. பிளைவுட் அடித்து மூடிவிடலாம் என்பது ஒரு கட்சி. நான் திறந்தே வைக்கச் சொன்னேன். வெட்டு வாயில்தான் விமானத்தின் தோல் தெரிகிறது: சுமார் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மேலே பறக்கும்போது உள்ளே அடைத்த காற்று இந்தத் தகட்டை ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 7 பவுண்டுக்கு மேல் வெளியே தள்ளும். இறங்கினால் தளரும், ஏறினால் மறுபடி இறுகும்.

1988 ஏப்ரல் 28-ல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 737-200 ஒன்றுக்கு 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை பிய்ந்து போனது. அதுவரை 89,680 தடவை பறந்திருந்த விமானம். தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இணைப்பில், ரிவெட் ஓட்டைகளிலிருந்து மயிரிழை விரிசல்கள் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானிகள் எப்படியோ மாவி தீவில் இறக்கி மற்ற எல்லாரையும் காப்பாற்றினார்கள். பழைய விமானங்களைச் சோதிக்கும் முறையே அதன் பிறகு மாறியது. இந்தக் கதையைச் சொல்ல எங்கள் வெட்டு வாயைவிட நல்ல இடம் ஏது? கூர்முனைகளை மழுக்கி, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் போட்டு, கை நுழையும் அளவுக்கு ஒரு இடம் விடுகிறோம். தகட்டை விரலால் பிடித்துப் பார்க்கட்டும்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. பிள்ளைகள் பேனலில் சந்தனம் வைக்க ஆசைப்பட்டார்கள். தாங்குமேடைக்கும் எங்கள் கருவிப் பெட்டிக்கும் வைக்கச் சொன்னேன். பொரி, கடலை, வாழை இலை. லேத் பட்டறைக்காரரும் வெல்டர் தம்பியும் குடும்பத்தோடு வந்தார்கள். பட்டறைக்காரர் தான் செய்த கைப்பிடியைத் தன் மகளுக்குச் சுற்றிக் காட்டினார்.

அக்டோபர் 19

இன்று திறந்துவிட்டோம். பல்லடம் பக்கத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் ஊர்க்காரர்கள். உள்ளே ஒரு நேரத்தில் மூன்று பேர் என்று வைத்தோம், அது சரியான கணக்கு. ஒரு ஸ்டியரிங் தூணை இழுத்தால் மற்றதும் கூடவே வருவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். இரண்டையும் தரைக்கடியில் ஒரே குழாய் இணைக்கிறது.

ஒரு ஆத்தா பேத்தியோடு வந்திருந்தார். மேலே பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இத்தனை பொத்தானையும் அவிய ஞாபகம் வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். எரிபொருள் ஒரு வரிசை, கரண்ட் ஒரு வரிசை, ஹைட்ராலிக் ஒரு வரிசை என்று பிரித்துக் காட்டினேன். ஞாபகத்தை நம்பாமல் பட்டியல் வைத்து ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்ப்பார் என்றதும், "அதுதானுங்க நல்லது" என்றார். அந்தத் தேய்ந்த சுவிட்சு எதனால் இப்படி இருக்கிறது என்று கேட்டதும் அவர்தான். பக்கத்தில் ஒரு குறிப்புப் பலகை வைத்தாகவேண்டும்.

சக்கரம் தூக்கும் லீவரைப் பிள்ளைகள் மேலே தள்ளப் பார்க்கிறார்கள், வரவில்லை. தரையில் நிற்கும்போது தூக்கிவிடாமல் தடுக்கும் பூட்டு அது, இன்றும் தன் வேலையைச் செய்கிறது. அதை எடுக்கப்போவதில்லை. ட்ரிம் சக்கரத்தின் கேபிள் சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிட்டது. திங்கட்கிழமை தரைத் தகட்டைக் கழற்றி இறுக்கவேண்டும், ஆவாரம்பாளையத்தில் ஒரு புது டென்ஷனருக்கும் சொல்லியிருக்கிறேன்.