பெந்தியுவுக்குப் போவதற்காக மூன்று முறை சென்னைக்குப் போன கதை

தெற்கு சூடானுக்கு விசா வாங்குவதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். டெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் அந்த வேலையை என்னை அழைத்த உதவி நிறுவனமே முடித்துவிட்டது. என்னை ஏழு மாதம் அலைக்கழித்தவை என் சொந்தப் பாஸ்போர்ட்டும் என் அப்பாவின் பெயரும்தான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துக் கிராமங்களில் அடிபம்புகளைப் பழுதுபார்த்து வந்தவன். 1970களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட அதே 'இந்தியா மார்க் 2' பம்புதான் தெற்கு சூடானின் கிராமங்களிலும் முகாம்களிலும் நிற்கிறது என்பதால், உள்ளூர்ப் பையன்களுக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று 2024 நவம்பரில் அழைப்பு வந்தது. ஊர் பெந்தியு. 2021 முதல் வெள்ளம் வடியாமல், கரை கட்டி நீரைத் தடுத்து, அதற்குள் அகதி வாழ்க்கை நடத்தும் முகாம் அங்கே இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான் அந்நாட்டில் காலரா பரவுவதாக அறிவித்திருந்தார்கள். நல்ல தண்ணீர் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, காலை எட்டு மணிக்கே மையத்தின் வாசலில் நின்றேன். முன்பதிவு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கிறது, கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதனால் ஆள் கணக்குப் பார்த்துத்தான் திறப்பார்கள் என்ற விவரத்தை வாசலில் நின்ற காவலாளி சொன்னார். உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டாம் பயணத்தில் ஊசி போட்டு, அதற்குச் சான்றான மஞ்சள் அட்டையும் வாங்கியாயிற்று. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்த அட்டை செல்லும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். பத்தாண்டு கழித்து மறுபடி போட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும்.

காவல்துறைச் சான்றும் கைக்கு வந்தது. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, டிக்கெட் போட்டுக்கொடுத்த தம்பிதான் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அண்ணே, இதுல ஈ.சி.ஆர். முத்திரை இருக்கே, வேலைக்குன்னா ஏர்போர்ட்டுல விடமாட்டாங்களே" என்றார். ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகும் சாலை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அந்த முத்திரையுள்ள பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போவதானால் அரசிடம் தனி அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் தெற்கு சூடானும் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்த முத்திரை விழவே வேண்டியதில்லை. 2017இல் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது, எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இணைக்கச் சோம்பல்பட்டிருக்கிறார். அவர் மிச்சப்படுத்திய அந்த ஒரு காகிதத்துக்கு எட்டாண்டுக்குப் பிறகு நான் வட்டி கட்டினேன்.

முத்திரை இல்லாத புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். அங்கே அடுத்த சிக்கல். மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் 'சு.' என்ற ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார் ஓர் எழுத்தர். வாங்கிப் போனால், அடுத்த கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. (டிப்ளமோ சான்றிதழைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்து வைத்திருந்ததால், அதில் முத்திரை குத்த முடியாது என்று இன்னோர் இடத்தில் திருப்பி அனுப்பியது தனிக் கதை. உங்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களைத் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள்.)

இந்த இடைவெளியில் 2025 ஜனவரி வந்தது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, எங்கள் திட்டத்துக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி நின்றுபோனது, பன்னிரண்டு மாதமாக இருந்த என் ஒப்பந்தம் ஆறு மாதமாகச் சுருங்கியது. டிசம்பரிலேயே போயிருந்தால் முழு ஒப்பந்தமும் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் பாளையங்கோட்டையில் நான் டோக்கன் எண்ணிக்கொண்டிருந்த நாள்களில் எத்தனை பம்புகள் ஒரு வாஷர் இல்லாமல் நின்றுகிடந்திருக்கும் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

புதிய பாஸ்போர்ட் வந்தது, எண் மாறியிருந்தது. காவல்துறைச் சான்றுக்கு மறுபடியும் 500 ரூபாய் கட்டி, மறுபடியும் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். மஞ்சள் அட்டையிலும் பழைய எண்தானே இருக்கிறது என்று பதறி, மூன்றாம் முறையாகச் சென்னைக்கு ரயில் ஏறினேன். அட்டையை வாங்கிப் பார்த்த மையத்து ஊழியரம்மா புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் அச்சாகியிருந்த பழைய பாஸ்போர்ட் எண்ணைக் காட்டினார். "பழைய புக்கையும் கூடவே கொண்டு போங்க. இதுக்கா திருநெல்வேலியிலிருந்து வந்தீங்க?" என்றார். அந்த அலுவலகங்களில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பதில் அதுதான். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைச் சரிபாருங்கள். முத்திரை, பெயர், காலாவதித் தேதி எல்லாம் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

தெற்கு சூடானின் தலைநகர் ஜூபா விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கையில் திணித்தார்கள். டாலர் கொண்டு போகிறவர்கள் மடங்காத, புதிய தாள்களாகப் பார்த்து வாங்குங்கள். அச்சடித்த ஆண்டு பழையதாக இருந்த என் இரண்டு நோட்டுகளை யாரும் தொடவில்லை.

முகாமில் எல்லாரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அலுவலகம் அதைத்தான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டது. வாக்கி-டாக்கியில் யாரோ அப்பாவை அழைக்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன். இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சம்பளத்தையும் அதே பெயரில் அனுப்பினார்கள். வண்ணார்பேட்டையில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி, அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. கடிதம் எழுதிப் பெயரை மாற்றவைத்ததில் இரண்டாம் மாதச் சம்பளம் வந்துவிட்டது. முதல் மாதச் சம்பளம் இன்னும் அப்பாவின் பெயரில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.