உள்ளூரில் கூடாதது வெளியூரில் கூடுமா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பலர், நோயாளிகளோடு பழகிய அனுபவத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், விடுமுறையில் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளின் இலவச மருத்துவ முகாம்களுக்குப் போய் வருகிறார்கள். அமெரிக்காவில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் உண்டு. அவர்களுடைய நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், சொந்த ஊரில் ஊசி போடக்கூட அனுமதி இல்லாதவர்களில் சிலர் அங்கே தையல் போடுவதும் பல் பிடுங்குவதும் எந்த வகையில் நியாயம்? இந்தக் கவலையால்தான் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, எந்த நாட்டுக்குப் போனாலும் பயிற்சிக்கு மீறிய சிகிச்சையில் இறங்கக் கூடாது என்று மாணவர்களை எச்சரித்தது.

குவாத்தமாலாவின் அதித்லான் ஏரியைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் பூர்வகுடிகள் பேசும் மாயா மொழிகள் மட்டுமே இருபதுக்கு மேல் வழங்குகின்றன. இக்கிராமங்களில் வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது. மாணவர் ஆங்கிலத்தில் "தலை சுற்றுகிறதா?" என்று கேட்டால், அதை ஒருவர் ஸ்பானிஷிலும் இன்னொருவர் கக்சிக்கேல் என்ற மாயா மொழியிலும் சொல்லி, பதிலும் அதே வழியாகத் திரும்பி வர வேண்டும். விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற ஒரு மூதாட்டிக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டு, ஒரு மாதத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால், அடுத்த மாதம் அவர் யாரிடம் போவார்? காலம் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. குழுவோ அதற்குள் ஊர் திரும்பியிருக்கும். அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து அவர் மயங்கி விழுந்தால், என்ன மருந்து, என்ன அளவு என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் அவரைப் பார்க்க வேண்டியவர் உள்ளூர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியர்.

சம்மதம் என்பது அந்த மண்ணில் இன்னும் கனமான விஷயம். 1946 முதல் 1948 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர்கள் அங்கே கைதிகள், படைவீரர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள் உட்பட 1,300-க்கும் மேற்பட்டோரை, சம்மதம் பெறாமலே, பாலியல் நோய்க்கிருமிகளுக்கு ஆளாக்கினார்கள். 2010-இல் அது வெளிவந்தபோது அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். அந்தக் கொடுமையோடு இன்றைய மாணவர்களை நான் ஒப்பிடவில்லை. ஆயினும், "நான் டாக்டர் இல்லை, இன்னும் படிக்கிறேன், வேண்டாமென்றால் தாராளமாகச் சொல்லலாம்" என்பதை நோயாளியின் மொழியிலேயே அவருக்குப் புரியவைக்காமல் அவர்மேல் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிநாட்டிலிருந்து அமெரிக்க மருத்துவமனைக்குப் பார்வையாளராக வரும் மாணவர், நோயாளியைத் தொடாமல் ஒதுங்கி நின்று கவனிக்க மட்டுமே அனுமதிக்கப்படுகிறார். நோயாளியின் பாதுகாப்பு கருதிய விதி என்று அனைவரும் அதை ஒப்புக்கொள்கிறோம். மலைக்கிராமத்து மூதாட்டிக்கும் அந்தப் பாதுகாப்பு உரியதுதானே?

இந்த ஆண்டு இப்படியொரு குழுவோடு போக விரும்பிய என் அக்கா மகள் என்னிடம் யோசனை கேட்டாள். ஸ்பானிஷ் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு, உள்ளூர் மருத்துவர்களே நடத்தும் முகாமாகப் பார்த்து, பெயர் பதிவதும் மருந்து எண்ணிக் கொடுப்பதுமான வேலைகளுக்குப் போகச் சொன்னேன். நீங்கள் திரும்பிய பிறகு நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுப் பார், அதற்குப் பெயர் சொல்லிப் பதில் தர முடியாத குழுவோடு போகாதே, விமானக் கட்டணத்தை அங்குள்ள சுகாதார நிலையத்துக்கே அனுப்பிவிடு என்றும் சொன்னேன்.