கிரைட்ஸ்: எல்லா ராஜாவுக்கும் ஒரே பெயர்

ஜெர்மனிக்குப் போகிற நம் ஆட்கள் கோட்டை பார்க்க பவாரியாவுக்கு ஓடி, வரிசையில் நின்று, காசை இறைத்துவிட்டு வருகிறார்கள். அதைவிட, ஜெர்மனியின் கிழக்கே துரிங்கியா மாநிலத்தின் ஓரத்தில், வைசே எல்ஸ்டர் ஆற்றங்கரையில் இருக்கும் கிரைட்ஸுக்குப் போங்கள். கையில் டாய்ச்லாந்து டிக்கெட் என்ற, நாடு முழுதும் உள்ளூர் ரயில், பேருந்துகளுக்கான மாதச் சீட்டு (2025இல் மாதம் 58 யூரோ) இருந்தால் பக்கத்து நகரமான கேராவிலிருந்து உள்ளூர் ரயிலுக்குத் தனிச் செலவே இல்லை.

அதை நம்பித்தான் கிளம்பினேன். தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை, ரயிலுக்குப் பதில் பேருந்து என்றார்கள். அது எங்கே நிற்கும் என்று கேட்க நிலையத்தில் ஒரு ஆள் கிடையாது. ஒருவழியாக வந்த வண்டியில் ஏசி இல்லை, ஜன்னலும் திறக்காது. வழியில் இருந்த ஒவ்வொரு குக்கிராமத்துக்குள்ளும் நுழைந்து, யாரையும் ஏற்றாமல் வெளியே வந்தது. ஜெர்மன்காரர்களின் நேர ஒழுங்கைப் பற்றி இனி யாராவது என்னிடம் பேசட்டும்!

சரி, ஊருக்கு வருவோம். ராய்ஸ் குடும்பத்தின் மூத்த கிளை ஆண்ட தனி நாட்டின் தலைநகரம் இது. அந்த நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 317 சதுர கிலோமீட்டர். அந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் ஹைன்ரிஷ் என்றுதான் பெயர். 12ஆம் நூற்றாண்டுப் பேரரசர் 6ஆம் ஹைன்ரிஷுக்குக் காட்டும் மரியாதை என்பார்கள். அரியணை ஏறியவருக்கு மட்டுமல்ல, தம்பி, சித்தப்பா மகன் என்று எல்லாருக்கும் எண் உண்டு. அதனால் 1778இல் இளவரசர் பட்டம் பெற்ற 11ஆம் ஹைன்ரிஷுக்கு அப்புறம் 13, 19, 20, 22, 24 என்று அரியணை தாவித் தாவிப் போகிறது. கேராவை ஆண்ட இளைய கிளையோ நூற்றாண்டு பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும்.

எனக்குப் பிடித்தவர் 22ஆம் ஹைன்ரிஷ். 1859இல் பட்டத்துக்கு வந்தபோது சிறுவன், ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் தாயார் கரோலினே. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய 1866 போரில் அந்த அம்மா ஆஸ்திரியா பக்கம் சாய, பிரஷ்யப் படை ஊருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. கிரைட்ஸ் அபராதமும் கட்ட வேண்டியதாயிற்று. மகன் அதை மறக்கவே இல்லை. 1871க்குப் பிறகு ஜெர்மன் பேரரசின் கூட்டாட்சி அவையில் 58 வாக்குகளில் இவருக்கு ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு, பேரரசை நடத்திய பிரஷ்யத் தலைவர் பிஸ்மார்க்குக்கு எதிராக நின்றார்! பிடிவாதம்தான், ஆனாலும் ரசிக்கிறேன். 1902இல் அவர் காலமானார். இருபது வருஷம் கழித்து, நாடிழந்து நெதர்லாந்தின் டோர்ன் ஊரில் இருந்த முன்னாள் ஜெர்மன் கைசரும் பிரஷ்ய அரசருமான 2ஆம் வில்ஹெல்மை மணந்துகொண்டது இவருடைய சொந்த மகள் ஹெர்மீனே. அப்பா இருந்திருந்தால் வீடே ரெண்டுபட்டிருக்கும்.

கடைசி ஹைன்ரிஷ் நோயாளி. அவர் பெயரில் கேராக்காரர்களே ஆட்சி நடத்தினார்கள். 1918 புரட்சியில் எல்லாம் முடிந்தது. இரண்டு ராய்ஸ் நாடுகளும் 1919இல் ஒன்றாகி, 1920இல் துரிங்கியாவில் கரைந்தன.

மலைமேல் மேல்கோட்டை, கீழே ஆற்றோரம் கீழ்க்கோட்டை, பூங்காவுக்குள் கோடை அரண்மனை. நேரம் குறைவென்றால் கோடை அரண்மனைக்கு மட்டும் போதும். இளவரசர்கள் சேர்த்த புத்தகங்கள், செப்புத்தகட்டு அச்சுப் படங்களோடு, கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தொடங்கிய கேலிச்சித்திரத் தொகுப்பும் அங்கேதான். ராஜா வீட்டில் கார்ட்டூன்!

சாப்பாடு? அடடா! துரிங்கியாவின் கிளோஸ் உருண்டை. துருவிப் பிழிந்த பச்சை உருளைக்கிழங்கில் வெந்த கிழங்கைக் கலந்து, நடுவில் வறுத்த ரொட்டித் துண்டுகளை வைத்து உருட்டி வேக வைக்கிறார்கள். கூடவே சிவப்பு முட்டைக்கோஸ், இறைச்சிக் குழம்பு. பேருந்துக்காரனை அப்போதே மன்னித்துவிட்டேன். சைவக்காரர்கள் காளான் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா என்று செயலியில் பார்த்துவிடுங்கள். இரவு தங்க கேராவே போதும், அங்கே கொஞ்சம் பேரம் பார்க்கவாவது நாலு விடுதி இருக்கிறது.