டயாலிசிஸுக்கு முன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி: நாங்கள் மாட்டிக்கொண்ட இரண்டு இடங்கள்

சிறுநீரக டாக்டர் சீட்டில் எழுதியது ஒரே வரி: ஹெபடைடிஸ்-பி, 40 மைக்ரோகிராம், 0-1-2-6 மாதம் (முதல் ஊசி, பிறகு அதிலிருந்து 1, 2, 6 மாதம் கழித்து). அந்த ஒரு வரியை அப்பாவின் தோளில் ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு தடவை சறுக்கிவிட்டது. ரெண்டுமே வராமல் பார்த்திருக்கக் கூடியவை என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

முதலாவது, அளவு. பெரியவர்களுக்கான வயல் (சின்ன மருந்துக் குப்பி) ஒன்றில் இருப்பது 1 மில்லி, 20 மைக்ரோகிராம். சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பில் தடுப்பூசிக்கு எதிர்ப்புப் பொருள் குறைவாகத்தான் ஊறும். அதனால்தான் இரட்டை அளவு, அதாவது ஒரு தவணைக்கு இரண்டு வயல். கடையில் ஒன்று கொடுத்தார்கள், சிஸ்டர் அதையே போட்டு அட்டையில் 'முதல் டோஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டார். ராத்திரி பில்லில் எண்ணிக்கை 1 என்று பார்த்தபோதுதான் உறைத்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், முதலிலிருந்து முழு அளவில் போடுங்கள் என்றார் டாக்டர். 'ஒரு ஊசி' என்று கேட்காதீர்கள், மைக்ரோகிராமைச் சொல்லிக் கேளுங்கள். அரை மில்லி வயல் கொடுத்தால் அது குழந்தைகளுக்கானது, 10 மைக்ரோகிராம்தான்.

வயலைக் குலுக்கிப் பாருங்கள். சீராகக் கலங்கிய வெள்ளையாக இருக்க வேண்டும். திரிதிரியாகப் பிரிந்து அடியில் தங்கினால் மருந்து எங்கேயோ உறைந்து போயிருக்கிறது, வாங்கவே வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. வீட்டுக்கு எடுத்து வரும்போது ஐஸ் பேக்கை ஒட்டி வைத்தாலும் இதே கதிதான், நடுவில் ஒரு துணி சுற்றுங்கள்.

போடும் இடம் தோள்பட்டைச் சதை. இடுப்பில் போட்டால் பலன் குறையும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) வைத்த கையைத் தொடவே விடாதீர்கள்.

இரண்டாவது சறுக்கல்தான் வீட்டையே உலுக்கியது. டயாலிசிஸ் தொடங்கும் முன் ஹெபடைடிஸ்-பி ஆன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்) பரிசோதனை கேட்டார்கள். இரண்டாம் தவணை போட்ட நாலாம் நாள் ரத்தம் கொடுத்தோம். பாசிட்டிவ். தொற்று உள்ளவர்களுக்கான தனி மிஷினில்தான் போட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். தொற்றே இல்லாத ஆளை அங்கே படுக்க வைப்பது எவ்வளவு ஆபத்து! தடுப்பூசியில் இருப்பதே அந்த ஆன்டிஜன்தான். போட்ட பிறகு 18 நாள் வரைக்கும் அது ரத்தத்தில் தென்படலாம். ஊசி எப்போது போட்டது என்று ரத்தம் எடுக்கும்போது யாருமே கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கோர் ஆன்டிபாடியும் (தடுப்பூசியால் வராது, தொற்று வந்தால்தான் வரும்) வைரஸ் டி.என்.ஏ.வும் பார்த்து இரண்டும் நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் மூச்சு வந்தது. மூன்று வாரம் கழித்து ஆன்டிஜனும் நெகட்டிவ். ரத்தத்தை ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு மாதம் பொறுங்கள். தேதி, அளவு, பேட்ச் எண் மூன்றும் அட்டையில் ஏறாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

மூன்றாம், நான்காம் தவணைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. இடையில் ஒரு தவணை தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். நிமோனியாவுக்கு எங்களுக்குச் சொன்னது முதலில் பி.சி.வி.13, குறைந்தது 8 வாரம் கழித்து பி.பி.எஸ்.வி.23. வரிசையை மாற்றிவிட்டால் பி.சி.வி.க்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் யோசனை இருந்தால் அம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை அறுவைக்கு குறைந்தது 4 வாரம் முன்பே முடித்தாக வேண்டும். பிறகு போட முடியாது.

கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்.பி.எஸ். (தடுப்பூசியால் ரத்தத்தில் ஊறிய எதிர்ப்புப் பொருள்) அளவு பார்க்கச் சொல்லுங்கள், யாரும் தானாக எழுதித் தருவதில்லை. 10-க்குக் குறைந்தால் நான்கு தவணையும் மறுபடி. அப்பாவுக்கு 86 வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, 10-க்குக் கீழே இறங்கினால் ஒரு பூஸ்டர்.