ராத்திரில வந்த போன்

இன்னைக்கு காலைல வீட்டு லேண்ட்லைனை கழட்டிட்டோம். போன் மாட்டியிருந்த இடம் மட்டும் செவுத்துல சதுரமா வெள்ளையா நிக்குது, சுத்தி சுண்ணாம்பு பழுத்துப் போயிருக்கு. அம்மா அதைத் தடவிப் பாத்துட்டே நின்னாங்க.

எனக்கு சகாரவ் ஞாபகம் வந்துட்டாரு.

சோவியத்துக்கு ஹைட்ரஜன் குண்டு செஞ்சு குடுத்த முக்கியமான மூளை ஆந்த்ரேய் சகாரவ். நாட்டோட பெரிய பட்டத்தை மூணு தடவை குடுத்தாங்க. அதே மனுஷன் ஒவ்வொரு சோதனை வெடிப்புக்கும் கதிர்வீச்சுல எத்தனை உயிர் போகும்னு உக்காந்து கணக்குப் போட்டு, நிறுத்துங்கன்னு கேக்க ஆரம்பிச்சாரு, அங்கதான் சரிவு ஆரம்பம்.

1975ல அமைதிக்கான நோபல். போக விடல, மனைவி எலேனா போன்னர்தான் வாங்கினாங்க.

1980 ஜனவரில, ஆப்கானிஸ்தான் மேல சோவியத் படையெடுத்தது தப்புன்னு பேசினதுக்கு பட்டமெல்லாம் பிடுங்கிட்டு கோர்க்கி நகரத்துல கொண்டுபோய் அடைச்சாங்க. வாசல்ல போலீஸ். வீட்ல போன் கிடையாது.

1986 டிசம்பர் 15 ராத்திரி திடீர்னு ஆளுங்க வந்து ஒரு போனை மாட்டிட்டுப் போறாங்க. மறுநாள் மணி அடிக்குது.

லைன்ல அப்போ சோவியத் தலைவரா இருந்த கோர்பசேவ். மாஸ்கோவுக்கு வந்துடலாம்ங்கிறாரு.

கிட்டத்தட்ட ஏழு வருஷம் அடைபட்டுக் கிடந்தவரு, நன்றி சொன்ன கையோட, சில நாள் முன்னாடி சிறையில செத்துப்போன நண்பர் மார்ச்சென்கோவைப் பத்தி பேசுறாரு. கருத்து சொன்னதுக்காக உள்ள இருக்கிற மத்தவங்களையும் விடுங்கன்னு கேக்குறாரு.

அதை நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.