வெலிங்டனில் இரண்டாம் முறை எழுதிய ஆய்வேடு

குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் சேரத் தரைப்படை அதிகாரிகள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போர்த்தந்திரம், படை வரலாறு, ராணுவச் சட்டம், நடப்பு நிகழ்வுகள் என்று நீளும் தாள்களுக்கு இரவுகளில் படித்துத் தேறினேன். அதில் சொல்வதற்கு அதிகமில்லை. 45 வாரப் பயிற்சியில் என்னைத் தடுமாற வைத்தது, சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கும் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடுதான்.

1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியையும், அதை முறியடித்த இந்தியாவின் 'ஆபரேஷன் காக்டஸ்' நடவடிக்கையையும் எடுத்துக்கொண்டேன். ஆக்ராவிலிருந்து கிளம்பிய இல்-76 விமானங்கள் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து அன்றிரவே ஹுல்ஹுலே தீவின் ஓடுதளத்தில் பாராசூட் படையினரை இறக்கியதும், அவர்கள் படகேறித் தலைநகரான மாலே தீவை அடைந்ததும், பிணைக்கைதிகளோடு தப்பிய கப்பலை நமது கோதாவரி, பெத்வா போர்க்கப்பல்கள் துரத்தி மடக்கியதும் காலாட்படைக்காரனான எனக்குத் தேனாக இனித்தன. முதல் வரைவு முழுவதையும் அவற்றாலேயே நிரப்பியிருந்தேன்.

வழிகாட்டியாக இருந்த அதிகாரி அதைத் திருப்பித் தந்தபோது, "படை எப்படிப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் போனது, ஏன் திரும்பியது என்பது எங்கே?" என்று மட்டும் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம்.

இரண்டாம் முறை எழுதத் தொடங்கியபோதுதான் கேள்விகள் விரிந்தன. அதிபர் கயூம் பல நாடுகளிடம் உதவி கோரியிருந்த நிலையில், வேறொரு நாட்டின் படை முதலில் வந்திருந்தால் இந்தியப் பெருங்கடலில் நம் நிலை என்னவாகியிருக்கும்? தாக்கியவர்கள் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட் இயக்கத்தினர் என்பதும், அப்போது நமது அமைதிப்படை இலங்கையில் இருந்தது என்பதும் டெல்லியின் முடிவை எவ்வளவு பாதித்திருக்கும்? வேலை முடிந்ததும் படையின் பெரும்பகுதி விரைவில் திரும்பியதே அண்டை நாடுகளின் ஐயத்தைத் தணித்தது என்று வாதிட்டேன். இன்றும் என் கருத்து அதுதான்.

அதிக நேரம் எடுத்தது ஒரு சிறிய தகவல். மாலேயில் பணியாற்றிய நமது தூதர் அன்று டெல்லியில் இருந்ததால், படையினருடன் அதே விமானத்தில் சென்றார். அந்த ஊரை நேரில் அறிந்தவர் திட்டமிடும் மேசையில் இருந்ததைத் தற்செயல் என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அந்தச் சொல்லை வட்டமிட்டு, தற்செயலை நம்பியா அடுத்த திட்டத்தைப் போடுவீர்கள் என்று கேட்டார். தூதரகமும் படைத் தலைமையகமும் முன்கூட்டியே தகவல் பகிர்வது குறித்த என் கடைசி அத்தியாயம் அந்த வட்டத்திலிருந்து பிறந்தது.